ஒழுகாத பம்பு

டாக்டருடைய கார் போகும் தெருவில் வடை சுடும் வாசனை வரும். ஜப்பான்காரர் ஆட்சியின் மூன்றாம் ஆண்டில் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் வடை சுடுகிற வீடு ஒன்றும் இல்லை. உளுந்து கண்ணில் பட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தக் கார் டத்தோ கிராமட் ரோட்டில் திரும்பினால் நடந்துகொண்டிருப்பவர்கள் நின்று மூக்கை உயர்த்துவார்கள். பிறகு என்னவென்று தெரிந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கார் ஓடியது செம்பனை எண்ணெயில்.

தீவில் இருந்த ஒரே டீசல் கார் அதுதான் என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் செய்தது. சண்டைக்கு முன்பு ஊரைவிட்டுப் போன ஒரு ஜெர்மன் வியாபாரியிடமிருந்து டாக்டர் அதை வாங்கியிருந்தார். ஜப்பானியர் வந்ததும் நல்ல கார்களையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். இதையும் ஓர் அதிகாரி எடுத்துப்போய், இரண்டு நாள் ஓட்டி, அதன் சத்தமும் புகையும் பிடிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். பெட்ரோல் கிடைக்காத மற்றவர்கள் தங்கள் வண்டிகளின் பின்னால் கரிவாயு அடுப்பைக் கட்டிக்கொண்டு திணறினார்கள். டாக்டருடைய கார், செம்பனை எண்ணெயைச் சுடவைத்து, கிடைத்தால் கொஞ்சம் டீசலும் கலந்து ஊற்றினால், முனகிக்கொண்டே ஓடியது.

நான் அப்போது டாக்டரிடம் கிராணியாக இருந்தேன். நோயாளிகளின் பதிவேட்டை எழுதுவது என் வேலை. அதற்கு முன் எட்டு ஆண்டுகள் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் துணையாசிரியன். ஊரில் ஜப்பான் குண்டு விழுந்த வாரத்தோடு பத்திரிகை நின்றுவிட்டது. கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக முதலாளி மிச்சமிருந்த அச்சுக் காகிதத்தை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். என் பங்கு, ஒரு கட்டு வெள்ளைத் தாள். அதில் எழுத எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

என் மனைவி கடலுக்கு அந்தப் பக்கம், கூலிமுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தன் அக்காள் வீட்டில் இருந்தாள். குண்டு விழுந்த மறுநாள் நான்தான் அவளைப் படகேற்றினேன். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். அச்சகத்தில் எழுத்துகளை அடுக்கிப் பூட்டிவிட்டு நாலு நாளில் வருகிறேன் என்று சொன்னேன். நாலாம் நாள் படகு இல்லை. படகு திரும்ப ஓடத் தொடங்கியபோது அனுமதிச் சீட்டு இல்லை. சீட்டில்லாமல் அந்தப் பக்கம் தனியே நடமாடும் தமிழ் ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் திரும்பியவரை நான் பார்த்ததில்லை. அவளாலும் கைக்குழந்தையோடு பட்டணத்துக்கு வர முடியாது. தோட்டத்தில் தின்னக் கிழங்காவது இருந்தது.

அவளிடமிருந்து வந்து சேர்ந்தது ஒரே ஒரு தபால் அட்டை. பெண் குழந்தை, இருவரும் சுகம் என்று இரண்டு வரி. அதன் கீழே, குழந்தையின் பாதத்தை அட்டைமேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருந்தாள். அச்சகத்திலிருந்து எடுத்துவந்திருந்த அளவுகோலால் அதை அளந்தேன். பெருவிரல் நுனியிலிருந்து குதிகால் வரை நாலேகால் அங்குலம். அந்த அட்டை வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் பார்த்திராத என் மகளைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே அளவு அது.

அப்படியிருக்கும்போதுதான் கூலிம் பக்கத்துத் தோட்டங்கள் மூன்றில் காய்ச்சலும் ஆறாத புண்ணும் பரவியிருப்பதைப் பார்த்துவர டாக்டருக்கு உத்தரவு வந்தது. டாக்டர், டிரைவர், கிராணி என்று மூன்று பேருக்குச் சீட்டு. செவ்வாய் முதல் வியாழன் வரை, மூன்று நாள். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சிரிக்காமலே பேசுவார்.

"தங்குறது உம்மட மனுசி இருக்கிற தோட்டத்திலதான், தம்பி. ரெண்டு இரவும். மற்றத் தோட்டங்களில மூட்டைப்பூச்சி எண்டு எழுதிப்போட்டன்."

"மூட்டைப்பூச்சி இருக்கா, டாக்டர்?"

"இல்லாத தோட்டம் எது?"

திங்கட்கிழமை மாலை மருந்துப் பெட்டிகளை ஏற்றும்போது காருக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. டிரைவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். விரல் நனையவில்லை. காலையில்தான் நிரப்பியிருந்தார். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். சண்டைக்கு முன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். என்ஜினின் முன்பக்கம் முழுவதும் ஈரமாக இருந்தது. எங்கே ஒழுகினாலும் விசிறி அதை எல்லாப் பக்கமும் இறைத்துவிடுகிறது.

"மூஞ்சி முழுக்க வேர்த்தவன்கிட்ட, எங்கடா முதல்ல வேர்த்துச்சுன்னு கேக்குற மாதிரி இருக்குண்ணே," என்றார் அவர்.

"கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"எல்லாத்தையும் கழட்டிப் பாக்கணும்லா. ஒரு நாள் போயிரும்." கொஞ்சம் யோசித்தார். "ரேடியேட்டர்ல பொடி ஓட்டைதான் இருக்கும். மாவு போட்டா அடைச்சுக்கும். லாரிக்காரனுங்க எல்லாம் அதான் செய்றானுங்க."

"என்ன மாவு?"

"ஊபி மாவுதான். வேற என்ன மாவு இருக்கு நம்ம ஊர்ல?"

ஊபி என்றால் மரவள்ளிக் கிழங்கு. நாங்கள் மூன்று வேளையும் தின்றது அதைத்தான். என்னிடம் ஒரு பால் டின் அளவு மாவு இருந்தது. மூன்று நாளில் ஒரு நாளை இழக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் மாவை எடுத்துவந்து கொடுத்தேன். முழுவதையும் கொட்டித் தண்ணீர் ஊற்றினோம். டாக்டரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். அப்போது ஊர்க் கடிகாரங்கள் டோக்கியோ நேரம் காட்டின. வானத்துக்கு மணி ஐந்துதான். படகில் ஏற்றுவதற்கு முன் மேட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் ஆயர் ஈத்தாம் பக்கம் விட்டோம். தண்ணீர் சொட்டவில்லை. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். சந்தைக்குப் பக்கத்தில் வந்தபோது என்ஜின் தட்டத் தொடங்கியது. பிறகு ஒரு சீறல். ரேடியேட்டர் மூடி பறந்து போய், கண்ணாடி போல் பளபளத்த கூழ் ஒன்று எழும்பி என்ஜின் மூடிமேலும் முன்கண்ணாடிமேலும் வழிந்தது.

சந்தைக்கு வந்த ஆட்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். கீரை விற்கும் அக்கா ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

"என்ன அண்ணே, காரு பசியாறிருச்சா? எங்களுக்கும் கொஞ்சம் ஊத்துங்கலா!"

டாக்டர் இறங்கினார். கூழை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"இது கஞ்சியெல்லே? ஆர் வாத்தது?"

"நான்தான், டாக்டர்."

"நாட்டில மனுசருக்கு இல்லாத கஞ்சி," என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மரவள்ளி மாவைச் சூடான தண்ணீரில் கரைத்தால் பசையாகும். எட்டு ஆண்டுகள் பத்திரிகையில் நான் நறுக்கி ஒட்டிய ஒவ்வொரு செய்தியையும் அந்தப் பசையால்தான் ஒட்டினேன். தினமும் காலையில் அடுப்பில் வைத்துக் கிண்டியதும் நானே. அது எந்தச் சூட்டில் இறுகும் என்று அந்தத் தீவில் என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் இருந்திருக்க முடியாது. இருந்தும் மாவு டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அது என் நினைவுக்கு வரவில்லை. நினைவில் இருந்ததெல்லாம் செவ்வாய், புதன், வியாழன்.

காரை ஆறவிட்டு, இறக்கத்தில் உருட்டி, சமதரையில் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது உச்சி தாண்டிவிட்டது. மிச்சப் பகல் முழுவதும் வெந்நீரும் சாம்பல் கரைசலும் ஊற்றி ஊற்றிக் கழுவினோம். மாலையில்தான் தண்ணீர் வெறும் தண்ணீராக வெளியே வந்தது. செவ்வாய் முடிந்தது.

புதன் காலை டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

"இனி ஒருத்தரும் இதுக்கு மருந்து குடுக்கக் கூடாது. முதல்ல வருத்தம் என்னெண்டு பாப்பம்." வருத்தம் என்றால் அவர் ஊரில் நோய்.

விசிறியின் இறக்கைகளைக் கழற்றச் சொன்னார். காற்று இல்லாவிட்டால் தண்ணீர் சிதறாது. என்ஜினின் முன்பக்கத்தைத் துணியால் ஈரமில்லாமல் துடைத்தோம். புண்ணுக்குப் போடும் வெள்ளைத் துத்தநாகப் பொடியை அவர் அதன்மேல் எங்கும் மெல்லத் தூவினார். நான் என் அச்சுத் தாள் ஒன்றை அடியில் விரித்தேன். டிரைவர் என்ஜினைக் கிளப்பினார்.

"டாக்டரையா, அப்படியே நாக்க நீட்டச் சொல்லிப் பாருங்க."

"நீர் வாயை மூடும். அதுவே போதும்."

பதினோராவது நிமிடம் தாளில் முதல் சொட்டு விழுந்தது. அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டு நேரத்தை எழுதினேன். இரண்டாவது அதிலிருந்து அரை அங்குலம் தள்ளி விழுந்தது. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். வட்டங்கள் ஒரே இடத்தில் குவிந்தன. நேர் மேலே பார்த்தால் தண்ணீர்ப் பம்பு. ரேடியேட்டரில் தூவிய பொடி தூவியபடியே வெள்ளையாக இருந்தது. ரப்பர் குழாய்களும் அப்படியே. பம்பின் வயிற்றுக்கு அடியில் இருந்த ஒரு சிறு துளையிலிருந்து மட்டும் வெள்ளையை அறுத்துக்கொண்டு ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. உள்ளே தண்ணீரை அடைத்து வைத்திருக்கும் வளையம் தேய்ந்துவிட்டால் அந்தத் துளை வழியாகத்தான் ஒழுகும்.

டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டுப் பம்பின் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். "ஆடுதுண்ணே. விழப்போற பல்லு மாதிரி ஆடுது."

கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. ஒரு நாள் போய்விடும் என்று பயந்து செய்யாமல் விட்ட வேலை அது. அதைத் தவிர்க்க ஒரு முழு நாளைக் கொடுத்திருந்தேன்.

தண்ணீரை வடித்து, பெல்ட்டைத் தளர்த்தி, நாலு போல்ட்டுகளையும் கழற்றிப் பம்பை எடுத்தோம். ஜெர்மன் காருக்குப் பினாங்கில் பம்பு கிடைக்காது. அளவு ஒத்த வேறொன்றைத் தேட வேண்டும். பம்பின் முகத்தில் கிரீஸைத் தடவி, ஒரு தாள்மேல் வைத்து அழுத்தி எடுத்தேன். விளிம்பும் நாலு துளைகளும் கறுப்பாகப் பதிந்தன. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனவன், அங்கே இருந்த தபால் அட்டையில் கிரீஸ் படாமலிருக்க அதை மற்றப் பைக்கு மாற்றினேன்.

பழைய இரும்பு விற்கும் சீனர் ஒருவரிடம் வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன லாரிகளின் உறுப்புகள் மலையாகக் கிடந்தன. தண்ணீர்ப் பம்பு இருக்கிறதா என்று டிரைவர் மலாயில் கேட்டார்.

"தௌக்கே, பம் ஆயர் அடா?"

"அடா, அடா. பில்லே செண்டிரி," என்று அவர் குவியலைக் காட்டினார். இருக்கிறது, நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள்.

பதினொரு பம்புகள் கிடந்தன. ஒவ்வொன்றின் முகத்திலும் தாளை வைத்துப் பார்த்தேன். முதல் ஆறில் துளைகள் விலகின. ஏழாவதில் நாலும் நேராக உட்கார்ந்தன. இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன். டிரைவர் அதன் தண்டை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை.

வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டைக் கடைக்காரத் தௌக்கே கையால்கூடத் தொடவில்லை. கால்சட்டையை முழங்கால் வரை உயர்த்திக் காட்டினார். முன்னங்காலில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். டாக்டர் ஒரு எண்ணெய்ப் பீப்பாய்மேல் உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கழுவினார், சுரண்டினார், மருந்து வைத்தார். முக்கால் மணி நேரம். நான் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்:

"அந்தரப்படாதையும், தம்பி. அவர் நல்ல பம்பு தந்தவர். நாங்கள் அரைகுறையாச் செய்யலாமே?"

பம்பும் என்ஜினும் சேரும் இடத்தில், ஒழுகாமலிருக்க, நடுவில் வைக்கத் தடித்த காகிதம் வேண்டும். பத்திரிகையின் கடைசி ஆறு மாதக் கோப்பு என்னிடம் இருந்தது. அதன் மேலட்டையை வெட்டி, கிரீஸ் பதிந்த தாளைப் பார்த்துத் துளையிட்டு, எண்ணெயில் ஊறவைத்தேன். பழைய பம்பின் சக்கரத்தைக் கழற்றிப் புதியதில் மாட்டினார் டிரைவர். போல்ட்டுகளை நான் ஒரே வேகத்தில் முறுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

"ஒண்ண மட்டும் இறுக்கினா ஒரு பக்கம் தூக்கிக்கும்ணே. எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா. பத்திரிகைக்காரங்களுக்கே அவசரம்லா."

மாலையில் தண்ணீர் நிரப்பி என்ஜினை ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். அடியில் புதுத் தாள். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். எந்தச் சாமியைக் கும்பிட்டேன் என்று இப்போது நினைவில்லை. ஒரு சொட்டும் விழக் கூடாது என்று கேட்டேன். விழவில்லை. அந்தத் தாளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

வியாழன், முதல் படகு. எங்களிடம் அந்த ஒரு நாள்தான் இருந்தது. மாலைக் கடைசிப் படகில் திரும்பியாக வேண்டும். மூன்று தோட்டத்தில் ஒன்றைத்தான் பார்க்க முடியும். எதை என்று டாக்டர் என்னிடம் கேட்கவில்லை. "மற்ற ரெண்டுக்கும் பம்பு பழுதெண்டு எழுதுவம். பொய்யில்லையே," என்றார்.

வழியில் மூன்று இடத்தில் நிறுத்திச் சீட்டைப் பார்த்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றபோது மணி ஒன்று பத்து. நான் பதிவேட்டை எடுத்தேன். டாக்டர் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"எனக்கும் எழுதத் தெரியும். நீர் போம். நாலரைக்கு இங்க நிக்கவேணும்."

என் மனைவி அக்காள் வீட்டுக்குப் பின்னால் கிழங்குச் செடிகளுக்கு நடுவில் இருந்தாள். மெலிந்திருந்தாள். முடியைக் கழுத்தளவு வெட்டியிருந்தாள்; காய்ச்சலில் கொட்டியதால் வெட்டியது என்று பிறகு சொன்னாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போடாமல், அதை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"எத்தனை நாளு?"

"நாலரை மணி வரைக்கும்."

அவள் சூரியனைப் பார்த்தாள். "நாலு நாள்ல வரேன்னீங்க. எந்த வருசத்து நாலு நாள்னு கேட்டுக்காம படகு ஏறிட்டேன்."

பிறகுதான் மண்வெட்டி விழுந்தது.

அவளுடைய சேலைக்குப் பின்னால் ஒரு குழந்தை இருந்தது. ஒரு கண் மட்டும் தெரிந்தது. "பாப்பா, அப்பா வந்திருக்காங்க," என்று அவள் சொன்னாள். குழந்தை என்னைப் பார்த்து, எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தது. வேறு யாரோ வருவார்கள் என்று எதிர்பார்த்ததுபோல இருந்தது.

சுட்ட கிழங்கு தின்றோம். குழந்தை என்னிடம் வரவில்லை. மூன்று அடி தள்ளியே நின்றது. தபால் அட்டையைத் தரையில் வைத்தேன். அவள் குழந்தையைத் தூக்கி, அந்தக் கோட்டின்மேல் அதன் காலை வைத்தாள். விரல்கள் கோட்டைத் தாண்டி அட்டையின் ஓரத்துக்கு வந்திருந்தன. அளவுகோலை நான் கொண்டுவரவில்லை. குழந்தை குனிந்து அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்து, "பாப்பா காலு," என்றது. என்னிடம் அது பேசிய முதல் பேச்சு. அதன் பிறகு என் மடியில் வந்து உட்கார்ந்து, என் சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டது.

நாங்கள் இருவரும் பேசியது குறைவு. கூரையில் எங்கே ஒழுகுகிறது, பட்டணத்து வீட்டின் பூட்டு இருக்கிறதா, அவளுடைய தையல் பெட்டி என்ன ஆயிற்று என்று பேசினோம். சொல்ல வேண்டும் என்று இரண்டே முக்கால் ஆண்டுகளாக நான் மனதில் வாக்கியம் வாக்கியமாகத் திருத்தி வைத்திருந்தவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை.

நாலே காலுக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தோம். குழந்தை என் தோளில் தூங்கிவிட்டது. டிரைவர் என்ஜினைக் கிளப்பிச் சூடேற்றிக்கொண்டிருந்தார். செம்பனை எண்ணெய்ப் புகையில் வடை வாசனை வந்தது.

"பசிக்கிற வாசனை," என்றாள் அவள்.

டாக்டர் உள்ளே பதிவேட்டை எழுதிக்கொண்டிருப்பது சன்னல் வழியாகத் தெரிந்தது. வண்டி பழுதானால் இரவு தங்கலாம். பழுதான வண்டிக்கு யார் என்ன சொல்ல முடியும்? குழந்தையை அவளிடம் கொடுத்தேன். பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த தாளை எடுத்து, முழங்காலிட்டுப் பம்புக்கு நேர் கீழே விரித்தேன்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "என்னண்ணே பாக்குறீங்க? நல்லாத்தான்லா ஓடுது."

நான் தாளையே பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, காலால் என்ஜினைக் கொஞ்சம் வேகமாக உறுமவிட்டார். வேகமாகச் சுற்றினால் ஒழுகுகிற பம்பு ஒழுகும். ஐந்து நிமிடம் அப்படியே வைத்திருந்தார். நாலு போல்ட்டுகளையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியிருந்தோம். காகிதம் சரியான அளவில் வெட்டப்பட்டிருந்தது.

அவள் தூங்கும் குழந்தையோடு என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"சொட்டுதா?"

"இல்ல."

உள்ளே டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது.

"நல்லாப் பாருங்க," என்றாள்.

நான் இன்னும் தாழக் குனிந்து பார்த்தேன்.